பகுத்தறிவு வட்டம்: மாத்தளை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

மாத்தளையில் கோயிலுக்குப் பரிபாலன சபை இருக்கிறது, விகாரைக்குத் தாயக சபை இருக்கிறது, பள்ளிவாசலுக்கு நிர்வாகம், தேவாலயத்துக்குப் பங்குச் சபை, தோட்டத்தில் மரண உதவிச் சங்கம். எதையும் கேட்டும் சோதித்தும் பார்த்த பிறகே நம்புவேன் என்கிறவர்கள் மட்டும் தெருவுக்கு ஒருவர், லயத்துக்கு ஒருவர் என்று தனியாக இருக்கிறார்கள். அவர்கள் கூடி உட்கார ஓர் இடம் வேண்டும்.

நாட்டுக்கு இது புதிது அல்ல. கேரளத்துத் திருவல்லாவில் 1898 இல் பிறந்து, 1928 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், 1960 முதல் 1978 இல் இறக்கும்வரை இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். கொழும்பில் அவர் மேடைப் பேச்சாலும் பந்தயத்தாலும் செய்ததை உக்குவளையிலும் இறத்தோட்டையிலும் அப்படியே செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம் என்பதே என் கருத்து. இங்கே ஒரு வட்டம் நிலைக்க வேண்டுமானால் அது வீடுகளுக்குப் பயன்பட வேண்டும். மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, பயந்து கிடக்கிற ஒரு வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய வேலை. அந்த எண்ணத்தில் எழுதிய குறிப்புகள் இவை.

1. பெயர்ப்பலகையும் ரப்பர் முத்திரையும் பிறகு. முதலில் ஐந்து பேர் போதும். விஞ்ஞான ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், நூலகத்தில் தினமும் பத்திரிகை படிக்க வரும் ஓய்வுபெற்றவர், பார்மசியில் வேலை செய்யும் பிள்ளை என்று தேடினால் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே இரண்டு பேராவது கிடைப்பார்கள். மாதம் ஒரு முறை, ஒரு புத்தகத்தையோ ஒரு கேள்வியையோ வைத்துப் பேசுங்கள். ஒரு வருடம் விடாமல் கூடிய பிறகு பதிவு பற்றி யோசிக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனால் வழி தெரியும்.

2. ஏற்கெனவே நடக்கிற வட்டம் ஒன்றில் சேரப் போகிறீர்களா? முதல் இரண்டு கூட்டங்களில் பேசாமல் கவனியுங்கள். கணக்குக் கொப்பியை எல்லோருக்கும் காட்டுகிறார்களா? பெண்களைப் பேச அழைக்கிறார்களா, தேநீர் ஊற்ற மட்டும் அழைக்கிறார்களா? இவற்றைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, எந்த மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது. தமிழர் கூடும்போது பிக்குகளையும் மௌலவிகளையும் மட்டும் திட்டுகிறார்கள், சிங்களவர் கூடும்போது கோயிலையும் பள்ளிவாசலையும் மட்டும் திட்டுகிறார்கள் என்றால் அங்கே நடப்பது பழைய இனப்பகைதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாளும் சேராதீர்கள்.

நம் மாவட்டம் இதில் பட்டுத் தெரிந்த மாவட்டம். 1983 ஜூலையில் மாத்தளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தது. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலுக்குள் கூட்டம் புகுந்தது. இதையெல்லாம் பார்த்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையைக் கேலி செய்து பகுத்தறிவை வளர்க்க முடியாது. முதல் கேள்வியை உங்கள் வீட்டு நம்பிக்கையைப் பார்த்துக் கேளுங்கள். அடுத்த வீட்டுக் கேள்வியை அந்த வீட்டுப் பிள்ளை கேட்கட்டும். அதற்காகவே வட்டத்தில் மூன்று சமூகத்தாரும் இருக்க வேண்டும்.

3. கூட்டத்துக்கு ஞாயிறு காலை பத்து மணி நல்லது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பிரட்டு இல்லாத நாள், பெண்களும் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். போயா நாளை விட்டுவிடுங்கள், பௌத்த நண்பர்கள் வீட்டில் அன்று சில் எடுப்பவர்கள் இருப்பார்கள். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் ஓடும் நாட்களிலும் கூட்டம் வேண்டாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போகவும் வேண்டாம். தேர் பார்க்கப் போங்கள், உறவினரைப் பாருங்கள், பசியோடு வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுங்கள். தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த தலைமுறைக்கு அந்த அம்மன் என்னவாக இருந்தாள் என்பதை நினைத்துப் பார்க்காமல் இந்த ஊரில் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

4. வீட்டில் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. "சாமி இல்லேங்கிற கூட்டத்துக்கா போற?" என்று அம்மா கேட்பார். வாதம் செய்யாதீர்கள். "நீங்க விளக்கேத்துங்கம்மா, நான் குறுக்க நிக்க மாட்டேன். தம்பிக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் முதல்ல ஆஸ்பத்திரி, பொறகு கோயில். அதுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலான தாய்மார் சம்மதிப்பார்கள். சாமி படத்தைக் கழற்றி வைக்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம். வட்டத்தில் சேர்ந்ததும் வீட்டில் சண்டை கூடினால் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அமைதியும் உதவியும் கூடினால் அவர்களே என்னவென்று விசாரிப்பார்கள்.

5. கூட்டத்துக்குப் பிள்ளைகள் வந்தால் சமையலறைப் பொருட்களை வைத்துச் செய்து காட்டுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகும். ஆலாத்தி எடுக்கிற எல்லா வீட்டிலும் இது தெரியும், ஏன் என்றுதான் கேட்டிருக்க மாட்டார்கள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தோடு சேரும்போது நிறம் மாறுகிறது. கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும்.

அடுத்து, செவ்வரத்தம்பூ இதழைக் கத்தியில் நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு, அதே கத்தியால் தேசிக்காயை வெட்டிக் காட்டுங்கள். சாறு இரத்தம் போல் சிவந்து வடியும். 'செய்வினை இருக்கு, பார், காயில் இரத்தம்' என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களின் வித்தை இப்படித்தான் நடக்கிறது. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் கையால் ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் தேசிக்காயைக் காட்டிப் பயமுறுத்த முடியாது.

நாக்கில் சூடம் கொளுத்துவது, தீ மிதிப்பது இரண்டையும் செய்து காட்ட வேண்டாம். தீமிதி பற்றிப் பேசுங்கள். மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா அதை ஆராய்ந்து 1971 இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது, பாதம் அதில் படுகிற நேரம் மிகக் குறைவு, வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதத்தோல் தடிப்பானது என்பது காரணம். விரதம் இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் தணல் ஒன்றுதான். தயங்கி நின்றால் இருவருக்கும் சுடும்.

6. சாத்திரக் கொப்பி ஒன்று வையுங்கள். யார் என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் நடக்கும் என்றார் என்பதைச் சொன்ன அன்றே எழுதிவிடுங்கள். வருட முடிவில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பலித்தவை மட்டும் நினைவில் தங்குவதும் பலிக்காதவை மறந்துபோவதும் எல்லோருக்கும் உள்ள பழக்கம், அதற்கு எழுத்து ஒன்றே மருந்து. 2015 ஜனவரி 8 ஆம் திகதித் தேர்தலுக்கு அப்போதைய ஜனாதிபதியின் சோதிடர் வெற்றி நிச்சயம் என்று நாள் குறித்துக்கொடுத்தார். பதவியில் இருந்த ஜனாதிபதி இரண்டு வருடம் முன்கூட்டியே தேர்தலுக்குப் போய்த் தோற்றார். இந்த ஒரு பதிவோடு கொப்பியைத் தொடங்கலாம்.

7. பாம்புக்கடி. மிளகுக் கொடி, கொக்கோ, இறப்பர் என்று புதரும் ஈரமுமாக இருக்கும் நம் மாவட்டத்தில் வட்டம் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இதில் இருக்கிறது. கடிபட்டவரை முதலில் விஷக்கல் வைப்பவரிடமும் மந்திரிப்பவரிடமும் கொண்டுபோய், அங்கே ஒரு மணி நேரம் போன பிறகு வைத்தியசாலைக்குத் தூக்கி வருவது இன்னும் நடக்கிறது. கடித்தது விஷம் இல்லாத பாம்பாகவோ, விஷம் ஏறாத கடியாகவோ இருந்தால் மந்திரம் பலித்தது என்று பெயர் வந்துவிடும். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சிறுநீரகமோ உயிரோ விலையாகலாம்.

வட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் இதை மனப்பாடம் செய்யட்டும். கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், காப்பு, கொலுசு இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்து நேரத்தைப் போக்கக் கூடாது, தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு உடனே அழைக்க வேண்டும், அது இலவசம். சிங்களத்தில் குனகட்டுவா என்கிற சிறு விரியன் கடித்தாலும் 'சின்னப் பாம்புதானே' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிரட்டுக்களத்திலும் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். ஊரில் மந்திரிப்பவர் நல்ல மனிதராக இருந்தால் அவரிடமே போய்ப் பேசுங்கள். "ஐயா, வர்றவங்கள முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டுப் பொறகு மந்திரிங்க" என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

8. பேய் பிடித்தது என்ற செய்தி வந்தால் பணிவோடு போக வேண்டும். கோடாங்கியை விரட்டவோ, உடுக்கைப் பறிக்கவோ போகக் கூடாது. தலைவிரித்து ஆடுகிறவள் பெரும்பாலும் இளம் பெண்ணாக இருப்பாள், புதிதாகக் கல்யாணம் ஆகி வந்தவளாக, குழந்தை பெற்றுச் சில வாரம் ஆனவளாக, வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பியவளாக. சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவளுக்கு நடந்திருக்கக்கூடும். பேய் என்ற பெயரில்தான் அவள் தன் மாமியாரையோ கணவனையோ சத்தம் போட்டுத் திட்ட முடிகிறது. கோவூர் தாம் பார்த்த இப்படியான பல சம்பவங்களை எழுதி வைத்திருக்கிறார், தமிழிலும் வந்திருக்கின்றன. பேயை விசாரிப்பதை விட்டு அந்த வீட்டை அவர் விசாரித்தார் என்பதுதான் அவற்றில் எனக்குப் பிடித்தது.

நம் வட்டத்திலிருந்து போவது பெண்களாக இருக்கட்டும். அவளோடு தனியே பேச வழி செய்யுங்கள். வேப்பிலையால் அடிப்பதோ மிளகாய்ப் புகை காட்டுவதோ நடந்தால் அதை நிறுத்துவது முதல் வேலை, அங்கே மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஏற்கெனவே மருந்து குடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லும் உரிமை கோடாங்கிக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

9. வதந்தி வந்தால் பகிராமல் இருப்பது போதாது, போய் விசாரிக்கவும் வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை கிடந்தது என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. ஒருமுறை தின்றால் ஆயுளுக்கும் மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் எதுவும் இல்லை என்று வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மறு வருடம் குருநாகலில் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று செய்தி பரவியது, அவரைக் கைது செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. இரண்டு கதையும் கலேவெலைக்கும் தம்புள்ளைக்கும் ஒரே இரவில் வந்து சேர்ந்தவை.

வட்டத்தில் சிங்களம் நன்றாக வாசிக்கிற ஒருவரும் தமிழ் நன்றாக வாசிக்கிற ஒருவரும் இருந்தால், வந்த செய்தியை அன்றே இரு மொழியிலும் விசாரித்து இரண்டு வரியில் ஊருக்குச் சொல்லலாம். பதற்றமான நாளில் அந்த இரண்டு வரி ஒரு கடையைக் காப்பாற்றும்.

10. வீட்டு வைத்தியத்தை மொத்தமாகத் தள்ளாதீர்கள், மொத்தமாக நம்பவும் வேண்டாம். இஞ்சி, கொத்தமல்லி அவித்த தண்ணீர் தடிமனுக்கு இதம் தரும், நானும் குடிப்பேன். 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி கொரோனாவை நிறுத்தும் என்று சொன்னதை நம்பி ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அந்தப் பாணியை வெளிப்படையாகக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது. சாதிக்காய் நம் மாத்தளைத் தோட்டத்துப் பொருள். அதன் மணத்தையும் விலையையும் அறிந்த நாம்தான் அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள்.

11. சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. 14 ஆம் உறுப்புரை கூடவும் சங்கம் சேரவும் உரிமை தருகிறது. ஆகவே வட்டத்தில் சேர்வது குற்றம் அல்ல, ஒளிந்து செய்ய வேண்டியதும் அல்ல. ஆனால் மதப் பகையைத் தூண்டுவதைத் தடை செய்யும் 2007 இன் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் எழுத்தாளர்கள் மேல் பாய்ந்திருக்கிறது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார், 2021 இல்தான் விடுவிக்கப்பட்டார். வட்டத்தின் பெயரில் எதை அச்சிட்டாலும் இரண்டு பேர் வாசித்துப் பார்த்த பிறகு அச்சிடுங்கள். தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

12. பாடசாலையில் சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரத்துக்கும் எழுத வேண்டும். பிள்ளையை அதில் சண்டைக்கு அனுப்பாதீர்கள், நன்றாகப் படித்துத் திறமைச் சித்தி எடுக்கட்டும். யாழ்ப்பாணத்தில் கோவூரை ஒரு வருடம் விவிலியம் படிப்பிக்கச் சொன்னார்களாம். பிள்ளைகள் எல்லோரும் பரீட்சையில் சித்தியடைந்தார்கள், ஆனால் அடுத்த வருடம் அந்தப் பாடத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் சித்தியடைந்ததோடு விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்பது அதிபரின் கவலை. முழுதாக வாசிக்கிற பிள்ளைக்குக் கேள்வி தானாக வரும்.

13. கோவூர் 1963 இல் அறிவித்த ஒரு லட்சம் ரூபாய்ப் பந்தயத்தைப் போல நீங்களும் அறிவிக்க வேண்டாம். அற்புத சக்தியை நிரூபித்து அந்தப் பணத்தை அவர் இருக்கும்வரை ஒருவரும் வாங்கவில்லை. சிறிய ஊரில் பந்தயம் என்பது ஆளோடு ஆள் மோதலாகத்தான் முடியும்.

14. சாவு வீட்டில் வட்டத்தை ஊர் எடைபோடும். அங்கத்தவர் வீட்டில் மரணம் என்றால் கதிரை, கூடாரம், தேநீர், இரவு விழித்திருக்க ஆள் எல்லாம் வட்டத்திலிருந்து போக வேண்டும். சடங்கு செய்வதா விடுவதா என்பதை இறந்தவரின் விருப்பமும் வீட்டாரும் தீர்மானிக்கட்டும், நாம் அதில் தலையிடக் கூடாது. சடங்கு வேண்டாம் என்று எழுதி வைத்தவருக்கு, அவரைப் பற்றி நான்கு பேர் உண்மையாகப் பேசுகிற ஒரு மணி நேரத்தை ஒழுங்கு செய்து கொடுங்கள்.

கண் கொடுக்க விரும்புகிறவர் இன்றே வீட்டாருக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கத்துக்கு இலங்கை முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். மரணம் நடந்ததும் காலம் தாழ்த்தாமல், நான்கு மணி நேரத்துக்குள் எடுக்க வசதியாக அறிவியுங்கள். கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். உடலைக் கொடுக்க விரும்புகிறவர்களுக்குப் பேராதனை மருத்துவ பீடம் பக்கத்திலேயே இருக்கிறது. உடற்கூற்றியல் பிரிவில் கேட்டுப் படிவம் நிரப்பிப் பிள்ளைகளிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் சம்மதிக்காவிட்டால் படிவத்தால் பயன் இல்லை. கோவூர் தம் கண்களையும் உடலையும் கொடுத்தார். அவருடைய எலும்புக்கூடு அவர் கடைசியாகப் படிப்பித்த கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞான கூடத்துக்குப் போனது.

15. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் உதவலாம். தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் பஸ் காசைப் பொறுப்பெடுங்கள். சிங்களக் கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். வாசித்து முடித்த விஞ்ஞானப் புத்தகங்களை அனுப்புங்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாத்தளைக்காரர்கள் பணம் அனுப்பினால் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாமல், இருவர் கையெழுத்திடுகிற வங்கிக் கணக்குக்கு அனுப்பி, பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். அரசியல்வாதியிடம் மண்டபச் செலவுக்குக்கூட வாங்க வேண்டாம். மாதச் சந்தாவைச் சம்பள நாளான பத்தாம் திகதிக்குப் பிறகு வரும் ஞாயிறில் வாங்குங்கள், அது கொழுந்து எடுக்கிற அக்காவும் கொடுக்கக்கூடிய தொகையாக இருக்கட்டும்.